ஏழாம் நம்பர் மலைக்கு முன்னால்

கந்தப்பளை பங்களாவில்
தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறது
யப்பான் மேப்பிள்.
எட்டு வருடமாய் நான்தான் அதற்குக் கத்தி வைக்கிறேன்.

வந்த புதிதில் அதற்கு மாதக் கணக்குத் தெரியவில்லை.
சித்திரையில் துளிர்க்காமல் நின்றது.
ஆடிக் காற்றில் பாதியைக் கொட்டியது.
ஐப்பசி மழைக்குள் திடீரென மஞ்சளாகி
ஒரே கிழமையில் அம்மணமாயிற்று.
"செத்துப்போச்சு, பிடுங்கிப் போடு"
என்றார் விஜேகோன் தொரை.
பெருவிரல் நகத்தால்
பட்டையை ஒரு நெல்லளவு கீறினேன்.
உள்ளே பச்சை.
அந்த ஈரத்தை அவர் கண்ணுக்கு நேரே காட்டினேன்.
"ம்" என்று போய்விட்டார். அவ்வளவுதான் வழக்கு.

இலைக்கு ஏழு விரல்.
வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தெடுக்கும் பூரணி
ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் விரித்தாள்:
"எனக்கும் ரெண்டு கூட இருந்தா
இருபது கிலோவ பகலுக்குள்ள முடிச்சிருவேன்."

விருந்தாளிகள் படம் பிடிப்பது இலையை.
எனக்குப் பட்டைதான்.
வயதான அடிமரம் சாம்பல் பூத்த வெறும் மரம்,
இந்த வருடக் கொம்பில் மட்டுமே பவளம்.
அதனால் தேயிலையைப் போலவே இதையும்
கவ்வாத்து வெட்டுகிறேன்,
அத்தனை ஆழமாக இல்லை,
இளசு விட்டுக்கொண்டே இருக்கும் அளவுக்கு.

போன தையில், பொங்கல் கழிந்து மூன்றாம் நாள்,
உறைபனி.
புல்லெல்லாம் உப்பு. குழாயில் தண்ணீர் வரவில்லை.
வெயில் ஏற ஏற ஏழாம் நம்பர் மலை
இஸ்திரிப் பெட்டியை மறந்து வைத்த துணியாய்க் கருகியது.
மூன்று கிழமைக்குக் கொழுந்தில்லை,
அரைப் பேர்கூட விழாது.
கடைக் கணக்கை விரலில் எண்ணிக்கொண்டு
பூரணி வேலியோரம் நின்றாள்.

அன்றைக்குத்தான் மரம்
நான் அதுவரை பார்க்காத சிவப்பில் நின்றது.
ஓர் இலையில்லை.
முனை முனையாய்ச் சிவப்பு,
கருகிய மலைக்கு முன்னால் வெட்கமில்லாமல்.
குளிர் ஏறினால்தான் அதற்கு நிறம் ஏறும்.
எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

"இதுக்கு மட்டும் எப்பிடி?" என்றாள்.
கோபமா ஆசையா,
குரலில் பிரிக்க முடியவில்லை.

கவ்வாத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது.
இருந்தும் ஒரு கொம்பை வெட்டிக் கொடுத்தேன்.
வெறுங்கூடையில் குத்திக்கொண்டு
லயத்துக்கு இறங்கினாள்.

இரண்டு நாள் கழித்து வந்தாள்.
சோடாப் போத்தலில் வைத்திருக்கிறாளாம்.
வேர் விடுமா?

விடாது.
"தண்ணிய மட்டும் மாத்து" என்றேன்.