கைமாற்றுக் குறிப்பு

ரூபேந்திரன்,
சாவி ரொஸ்னா அக்காவிடம் இருக்கிறது.
ஷட்டரின் இடது மூலையில் ஓர் உதை,
அப்புறம் தூக்கு.
ஒன்பதே நாள். பரீட்சை முடிந்ததும் வந்துவிடுவேன்.
கோலாலம்பூரில் இப்போதெல்லாம்
சப்பாத்தோடு படுத்தது போல்தான் தூங்குகிறேன்.

ஏழு மணிக்கே ஐந்தடியில் ஆட்கள் இருப்பார்கள்.
"பசியாறிட்டீங்களா டாக்டர்" என்பார்கள்.
இல்லை என்று சொல்லிவிடாதே,
மேசைமேல் நாசி லெமாக் பொட்டலம் குவியும்.
எனக்கு நான்கு கிலோ ஏறிவிட்டது.

செவ்வாய்க்கிழமை தவமணி வருவாள்.
செம்பனைக் காட்டில் மருந்தடிப்பவள்.
இங்கே மருந்து என்றால் முதலில் களைக்கொல்லி,
நாம் எழுதித் தருவது அதற்கு அடுத்ததுதான்.
"மருந்து பட்டு எரியுது, மருந்து குடுங்க" என்பாள்.
கையுறை கொடுத்தார்களா என்று கேட்காதே,
கொடுத்திருக்கிறார்கள்.
என்ன அளவு என்று கேள்.
ஆண்கள் அளவு. அதை மாட்டினால்
பம்பின் பிடி வழுக்குகிறதாம்,
கழற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறாள்.

மூன்று மாதம் களிம்பு எழுதினேன்.
நான்காம் மாதம்தான்
"அந்தக் கையுறையைக் கொண்டு வாங்க" என்று கேட்கத் தோன்றியது.
பெரிய ஆஸ்பத்திரியில்
அந்தக் கையை மூன்று மாதத்தில் மூன்று பேர் பார்த்திருப்பார்கள்,
உன்னைப்போல் கெட்டிக்காரர்கள்.
நான்காம் மாதம் அவர்களில் ஒருவருக்கும் கிடைத்திருக்காது.
தோட்ட அலுவலகத்துக்கு இருமுறை போன் செய்தேன்.
நீ மூன்றாவது முறை செய்.

ஷஃபிகுல் காய்ச்சல் என்று வந்தால்
கண் சிவந்திருக்கிறதா பார், கெண்டைக்காலை அழுத்து.
அவன் கடப்பிதழ் வேறு ஒருவரின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது,
அதனால் தாமதமாகத்தான் வருவான்.
எலிக்காய்ச்சலுக்கு அந்தக் கதையெல்லாம் தெரியாது.
ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம்.
முன்னால் பழ லாரி போனால் ஐம்பத்தைந்து.

ஒரே மேசையில் ஒரே உடலை அறுத்துப் படித்தவர்கள் நாம்.
உன்னிடம் மறைக்க வராது.
பிப்ரவரியில் ஒருவர் நெஞ்செரிச்சல் என்றார்,
நானும் அதையே எழுதினேன்.
விடியவில்லை அவருக்கு.
அவர் மகள் இன்றும் தன் பிள்ளைக்கு ஊசி போட
என்னிடம்தான் தூக்கி வருகிறாள்.
பக்கத்து ஊரில் வேறு கிளினிக் இருக்கிறது, பஸ்ஸும் இருக்கிறது.
அவள் வருகிறாள். நான் போடுகிறேன்.
இருவரும் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

மாதக் கடைசிக் கணக்கைத் திறக்காதே, மனம் கெடும்.
முப்பது வெள்ளி தரவேண்டியவர்
பத்து வெள்ளியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் தந்தால்
ரொஸ்னா அக்கா பழத்தையும் நோட்டில் எழுதுவார்.
எந்தப் பத்தியில் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

நீ இருதய நிபுணன் ஆவாய், எனக்குத் தெரியும்.
உன் கை நடுங்காது. தடுக்க மாட்டேன்.
ஆனால் ஒரு வியாழக்கிழமை, குழாயில் தண்ணீர் நின்ற பிறகு,
காத்திருப்பவர்களின் இருமலைக் கேட்டே
இது யார் என்று உனக்குத் தெரியும்போது
உள்ளே என்ன நடக்கிறதென்று கவனி.
ஒன்பது நாளில் நடக்காது.
நடந்தால் எனக்குச் சொல்.

இரண்டாவது அறையில் பழைய அட்டைப் பெட்டிகள்தான் கிடக்கின்றன.
நகர்த்த அரை மணி நேரம் போதும்.
ஜன்னல் திறக்கும்,
நேற்றுத் தள்ளிப் பார்த்தேன்.