ஒன்றுக்கு எழுபத்திரண்டு

பெட்டி வந்த அன்று மண்டபத்தில் கச்சான் காற்று.
கூரியர்ப் பையன் குலுக்கிப் பார்த்து
'என்னண்ணே, அக்காவுக்கு வளையலா?' என்றான்.
உள்ளே சாம்பல் நிறச் சட்டங்களில் கோத்திருந்தது
மூன்று இறக்கை, மூன்று சக்கரம்,
மூக்கிருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் குமிழ்.
சேட்டக்.
உச்சிப்புளியில் கிளம்பி
எங்கள் ஐஸ் கம்பெனித் தகரத்தைத்
தினம் அதிர வைக்கிறதே, அதேதான்.

பெட்டியில் இருந்தது பிரெஞ்சுக்காரன் அடையாளம்.
அதை ஒதுக்கிவிட்டு
நம் கடற்படை எழுத்தை நானே வெட்டினேன்,
ஒரு எழுத்து ஒரு அரிசி முனை.

இந்த ஊரில் எதுவும் சொன்ன நேரத்தில் காயாது.
ஈரக்காற்று பட்டால் பெயின்ட் பால்போல் வெளுக்கும்.
இரவு ஷிப்டில் கம்ப்ரஸர் அறைக்குக் கொண்டுபோய்
மோட்டார் சூட்டில் வைத்து எடுப்பேன்.
ஃபோர்மேன் ராசீக் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார்.

பெயின்ட் உரிந்தது போல் காட்ட
உப்புத் தூவி, மேலே அடித்து, பிறகு தேய்த்தெடுக்க வேண்டும்.
வாலிநோக்கம் பக்கத்தில் இருக்க உப்புக்கா பஞ்சம்?
ஆனால் ஒரு கல் உப்பை எழுபத்திரண்டால் பெருக்கினால்
முறம் அகலத்துக்குத் தகடு உரிந்திருக்கும்.
அப்படி உரிந்ததை எவன் பறக்க விடுவான்?
பாட்டிலால் நசுக்கி
கிளாடியாவின் பழைய நைலக்ஸில் சலித்தேன்.
சலித்ததைக் குழம்பில் போட்டுவிட்டாள் ஒருநாள்.

மதுரைக் கண்காட்சியில் நடுவர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
'மேல்வேலை பரவாயில்லை. வயிற்றில் எதற்கு இவ்வளவு?
யார் கவிழ்த்துப் பார்க்கப் போகிறார்கள்?'
எண்ணெய் ஒழுகின கோடு இரண்டு,
இடது சக்கரத்துக்குப் பின்னால்
நிறம் ஒட்டாத ஒரு ஒட்டுத் தகடு,
வால் பக்கம் வளைந்த ஆன்டெனா.
எந்தப் புத்தகத்துப் படத்திலும் இது இல்லையே என்றார்.
இல்லைதான்.
படம் எடுக்கிறவன் தரையில் நின்று எடுக்கிறான்.

சவேரியின் போட்டில் ஜிபிஎஸ் வயர் மாற்றத்தான் ஏறினேன்.
ஓட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றான்.
பலகை பிளந்த பிறகு
ஆளுக்கொரு டீசல் கேன்.
சாயங்காலம் அது வந்தது.
மூன்று தடவை தலைக்கு மேலே போனது.
மூன்றாவது தடவை
ஒட்டுத் தகட்டின் ரிவெட்டை எண்ணினேன், பதினொன்று.
விடிகாலையில் பாம்பன் வள்ளம் ஒன்று
என்னைத் தூக்கிப் போட்டது.

எட்டு வருஷம் அந்த ஓட்டியை வைதுகொண்டிருந்தேன்.
சாப்பிடும்போது, பல் துலக்கும்போது,
வயிற்றுக்குக் கோடு இழுக்கும்போதும்.

போன ஞாயிறு, பசை காயட்டும் என்று சும்மா இருந்தவன்
கணக்குப் போட்டேன்.
முந்நூறு அடி உயரத்தில் பறந்ததாக எழுதியிருந்தார்கள்.
எழுபத்திரண்டால் வகு: நாலடி இரண்டு அங்குலம்.
என் நெஞ்சுக்குழி.
தண்ணீருக்கு மேலே நின்ற தலை
கடுகுக்குக் கொஞ்சம் பெரிசு.
நீலத் தார்ப்பாயை முற்றத்தில் விரித்து
அலைக்காக அங்கங்கே கசக்கிவிட்டு
கண்ணை மூடிக்கொண்டு போட்டேன்.
நெஞ்சு உயரத்துக்குக் குனிந்து,
நின்று பார்க்கக் கூடாது, அது நிற்கவில்லை,
மெல்ல நடந்துகொண்டே பார்த்தேன்.
ஒரு நடை. இரண்டு. மூன்று.
வெயில் தார்ப்பாயில் பளபளத்தது.
கசங்கல் ஒவ்வொன்றும் கடுகுபோல் இருந்தது,
கடுகு மட்டும் இல்லை.

சரி, போ, என்றேன் அவனிடம்,
பெயர் தெரியாத அந்த ஓட்டியிடம், சத்தமாகவே.

கிளாடியா தார்ப்பாயைச் சுருட்ட வந்தாள்.
இரு, என்றேன்.
முட்டி போட்டுத் தடவினதில்
ஒன்று கிடைத்தது, என் குதிகாலில் ஒட்டிக்கொண்டு.
'அதான் கிடைச்சிருச்சே' என்றாள்.

போட்டது இரண்டு.