பத்து எண்ணம்

முப்பத்திரண்டு கழிப்பறை கழுவுகிறேன்
சால்மியாவில் ஒரு மாலில்.
ஷிப்டு முடியும்வரை
ஒன்றில்கூட உட்கார நேரமில்லை.
அடக்கி அடக்கி
ஒருநாள் போகும்போது எரிந்தது.
அப்புறம் அடிவயிற்றில்
ஒரு கல் வந்து குடியேறியது.
குடித்தால் போகவேண்டி வருமே என்று
தண்ணீரையும் விட்டேன்.
நோன்பு மாதம் என்பதால்
யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

டாக்டரம்மா எகிப்துக்காரி.
டப்பாவில் பிடித்துக் கொடுத்ததன்
ரிசல்ட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:
ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதும் உண்டா?
கிட்னியில் கோளாறு?
கர்ப்பமா?
சிரித்துவிட்டேன்.
அவர் தூத்துக்குடி உப்பளத்தில் மேடம்,
நான் இங்கே வந்து மூன்று வருஷம்.
அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு,
ஆனாலும் சொல், என்றாள்.
இல்லை என்றேன். எழுதிக்கொண்டாள்.

மருந்து ஜன்னலில் ஷைலஜா சேச்சி.
"பத்து எண்ணம்.
காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.
வெறும் வயித்துல வேண்டா.
மூத்திரம் டீ கலர்ல போகும், பேடிக்கண்டா.
உடம்பு தடிச்சா, மூச்சு முட்டினா
உடனே ஓடி வா.
சுகமாயிடுச்சுன்னு நீயா நிறுத்தாதே."
கடைசி வரியை
இரண்டு தரம் சொன்னாள்.

காலை ஆறு: பாதி குப்பூஸ், டீ, ஒன்று.
மாலை ஆறு: செக்யூரிட்டி தில்பகதூரின் போனில்
பீரங்கி வெடிக்கும்.
ஊரே பேரீச்சையைக் கடிக்கும் அந்நேரம்
துடைப்ப அறைக்குள் நானும்
பொட்டலச் சோறு நாலு வாய்,
ஒன்று,
ஒரு பாட்டில் தண்ணீர் முழுசும்.

இரண்டாம் நாள் டீ நிறம்.
பயப்படவில்லை.
(பயந்தேன், கொஞ்சம்.)
மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தால்
கல் காலி செய்துகொண்டு போயிருந்தது.
ஸ்ட்ரிப்பில் நாலு மிச்சம்.

அப்போதுதான் கணக்கு முளைக்கிறது.
அடுத்த தடவை வந்தால் இந்த நாலு போதுமே,
கிளினிக் காசு மிச்சம்,
அரைநாள் சம்பளமும் வெட்ட மாட்டான்.
இன்னொரு கணக்கு
மேல்கட்டிலில் இருமியது.
ஓபுலம்மா, கடப்பாக்காரி.
மூக்கொழுகல், தொண்டைக் கரகரப்பு, மேல் வலி.
"அக்கா, நாலு இருக்கே. ரெண்டு கொடேன்."

என் பையன் பரீட்சை ஃபீஸுக்கு
கேட்ட நிமிஷம் ஐந்து தினார் எடுத்துத் தந்தவள்.
இல்லை என்றேன்.
இது என் மூத்திரக் கிருமிக்கு எழுதினது,
உன் மூக்குக்கு இல்லை என்று
நான் சொன்ன தெலுங்கு
அவ்வளவு நயமாக வரவில்லை.
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
எட்டுப் பேர் அறையில் இருவர் பேசாவிட்டால்
மற்ற ஆறு பேரும்
தட்டு வைக்கும் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள்.

கழுவிய தரை காய்ந்ததும் பளபளக்கும்.
பார்க்கிறவர்களுக்கு அது போதும்.
மூலையில் இன்னும் என்ன ஒட்டியிருக்கிறதென்று
குனிந்தவளுக்குத்தான் தெரியும்.
பாதியில் விட்ட கறை
அடுத்த வாரம் ஆசிடுக்கும் அசையாது.
சேச்சி இரண்டு தரம் சொன்னது
இதைத்தானோ என்னவோ.

ஏழு.
எட்டு.

ஓபுலம்மா தானாகவே கிளினிக் போய் வந்தாள்.
சளிதானாம், தானாகப் போய்விடுமாம்,
இதற்கு அந்த மாத்திரை கேட்காதாம்,
சூடாகக் குடித்து ஓய்வெடு என்றாளாம்
அதே எகிப்துக்காரி.
ஓய்வு என்றதும் சிரித்துவிட்டேன் அக்கா, என்றாள்.
இரண்டு நாளுக்குப் பின்
என்னிடம் பேசிய முதல் பேச்சு.
இஞ்சி தட்டிப் போட்டு
இருவருக்கும் டீ வைத்தேன்.

பத்தாவதை விழுங்கியது பீரங்கியோடு.
வெற்று ஸ்ட்ரிப்பைத் தடவிப் பார்த்தேன்,
பத்துக் குழி.

மறுநாள் பதினோரு மணிக்கு
சூப்பர்வைசரிடம் கேட்கவில்லை,
சொல்லிவிட்டுப் போனேன்.
பதினேழாம் நம்பர்.
காலையில் நானே தேய்த்தது.
கதவைச் சாத்தி
உட்கார்ந்தேன்.