முறுக்கு

ஆறு வருஷமாய் வலப்பக்கம் சரிந்தே ஓடியது
என் மோரிஸ் மைனர்.
கெலுகோர் எண்ணெய்க் கடைப் பையன்கூடக் கேட்டான்,
"அங்கிள், ஒரு டயரில் காற்று இல்லையா?"
காற்று இருந்தது.
இடப்பக்க இருக்கையில்தான் ஆள் இல்லை.

ஒற்றை ஆளை ஏற்றி ஏற்றி
ஒரு கம்பி மட்டும் தளர்ந்துபோச்சு என்றார்
உதிரிபாகம் விற்கும் தியோ.
இருக்கலாம். பழைய இரும்பு.
வேறு காரணமும் இருக்கலாம்.

புதுக் கம்பிகள் இரண்டு வந்து சேர்ந்தன
எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி.
கரும்பு நீளம், கட்டைவிரல் பருமன்.
அடியிலும் நுனியிலும் பொடிப் பற்கள்.
சுருள் இல்லை, பட்டை இல்லை,
வில் என்று சொல்ல ஒரு வளைவும் இல்லை.
முறுக்கினால்
அதே முறுக்கைத் திருப்பித் தரும்.

"முறுக்குக் கம்பியா?" என்றாள் புஷ்பலீலா.
"இந்த வீட்டில் அதற்கா பஞ்சம்?"
அவள் அண்ணன் லோகேந்திரனைச் சொன்னாள்.
என்னையும் சேர்த்திருக்கலாம்.

தண்ணீர்மலை அடிவாரம், தைப்பூசப் பந்தல்,
கணக்கில் இடித்த முந்நூற்று நாற்பது வெள்ளி.
அவர் சொன்னது ஒரு சொல்.
நான் சொன்னது இரண்டு.
மோர் வாளிகளுக்கு நடுவே
ஊரே பார்த்தது.

தனியாகவே முடித்துவிடலாம் என்று படுத்தேன்
காருக்கு அடியில், சனிக்கிழமை காலை.
முன்கையைத் தூக்கிப் பிடித்தால்
பின்னால் கம்பி நழுவுகிறது.
பின்னால் ஓடினால்
முன்னால் பல் விலகுகிறது.
மூன்று மணி நேரம்.
உள்ளே புஷ்பலீலா யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.
யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

மழை விடாத நாலு மணிக்கு
ஹோண்டா கப்பை ஓரமாய்ச் சாய்த்துவிட்டு வந்தார்.
சட்டையைக் கழற்றிக் கண்ணாடிமேல் தொங்கவிட்டார்.
நேரே உள்ளே நுழைந்தார்.

அவர் பின்சட்டத்தில், நான் முன்கையில்,
நடுவே நாலடி இரும்பு.
ஏத்து.
போதும்.
இறக்கு.
ஒரு பல்லு தப்பு, உருவு.
அன்று நாங்கள் பேசிய பேச்சு இவ்வளவே.
பிறகு ஒன்று சொன்னார்:
"கீறல் விழாமப் பாத்துக்கங்க.
ஒரு நகக்கீறல் போதும்,
பத்து வருஷம் கழிச்சு அங்கதான் ஒடியும்."
கம்பியைத்தான் சொன்னார்.

இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.
பெட்டிக்குள் கிடக்கும்வரை இடமென்ன, வலமென்ன.
ஒருமுறை பாரம் ஏறிவிட்டால்
திரும்பிய பக்கமே அதன் பக்கம்.
மாற்றிப் பூட்டக் கூடாது.
எனவே சுண்ணக்கட்டியால் குறித்துவைத்தேன்,
என் பக்கம் ஒன்று,
மற்றப் பக்கம் ஒன்று.

ஜாக்கியை இறக்கினோம்.
வலம் அடக்கமாய் அமர்ந்தது.
இடமோ மூக்கைத் தூக்கிக்கொண்டு
மாப்பிள்ளை முறுக்கோடு நின்றது.
அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும்,
துணியால் வாயைத் துடைத்துக்கொண்டார்.
வாயில் கிரீஸ் ஏதும் இல்லை.

"ஓட்டினாத்தான் படியும். பாரம் வேணும்."
இடக்கதவைத் திறந்தார்.
இழுத்து இரண்டாம் முறை சாத்தினால்தான் பூட்டும் கதவு அது.
மறக்காமல் இரண்டு முறை சாத்தினார்.

எங்கள் தாமானில் பதினோரு வேகத்தடை.
ஒவ்வொன்றிலும்
ஒன்றாய் எழுந்தோம், ஒன்றாய் அமர்ந்தோம்,
கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்தபடி.
கடற்கரைச் சாலைவரை போனோம். திரும்பினோம்.
வெள்ளியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வந்து அளந்தேன்.
இடம் இன்னும் கால் அங்குலம் உயரம்.
"நாளைக்கும் ஓட்டணும்போல" என்றேன்
சக்கரத்தைப் பார்த்து.

அவர் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.
காதில் விழுந்ததா தெரியவில்லை.
சட்டை மட்டும்
கண்ணாடிமேல் தொங்குகிறது இன்னும்.