மூன்றாம் குளம்

பீடோரிலிருந்து ஏழாவது மைல்.
செம்பனை ஆலையின் பின்கதவைத் தாண்டினால்
வரிசையாய் ஆறு குளங்கள்.
ஆலை தின்று துப்பிய பழுப்பு நீர்
சூடு ஆறி அங்கே வந்து சேரும்.
பார்த்துக்கொள்ள நான் ஒருவன்.
மீதிப்பேர் கண்ணுக்குத் தெரியாதவர்கள்:
செக்ரோலில் பெயரில்லை
பிரட்டுக்கு வந்து நின்றதில்லை
தீபாவளி முன்பணம் கேட்டதில்லை.
காற்றுப் படாத அடிச்சேற்றில் கிடந்து
தின்கிறார்கள், குமிழி விடுகிறார்கள்.
ரொஸ்லான் தாளை நனைத்துப் புளிப்பை அளப்பான்.
எனக்கு மூக்கு போதும்,
இன்றைக்கு மூன்றாம் குளத்துக்கு
வயிறு சரியில்லை என்று சொல்ல.

என் வயிற்றுக்கு அந்த மூக்கு உதவவில்லை.

ஐம்பது தாண்டியவருக்கெல்லாம்
கிளினிக்கில் ஒரு சின்னக் குப்பி கொடுத்தார்கள்.
முப்பது வருடமாய்க் கழிவை அள்ளி அளப்பவன்
சொந்தக் கழிவில் குச்சி நனைக்க
மூன்று வாரம் வெட்கப்பட்டேன்.
"ஆலைக்காரன் பீயை அள்ளுவ,
ஒன்னோடத அள்ள மாட்டியா?" என்றாள் புஷ்பராணி.
அள்ளினேன்.
கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்ததாம்.

தெலுக் இந்தானில் குழாய் விட்டுப் பார்த்தார்கள்.
டாக்டர் ஹஸ்லிண்டா திரையை என் பக்கம் திருப்பினார்.
இளஞ்சிவப்பு வாய்க்கால். வளைவில் ஒரு காளான்,
மழைக்கு மறுநாள்
வெற்றுக்குலைக் குவியலில் முளைக்குமே, அதுபோல.

உள்ளே குமான் கோடிக்கணக்கில் உண்டு பாக்சிக், என்றார்.
எல்லாம் கெட்டதில்லை.
கீரையும் பயறும் போட்டால்
நாரைத் தின்று ஓர் அமிலம் தரும்,
குடல் சுவருக்கு அதுதான் சோறு.
"கெட்டுப்போன வெண்ணெய் வாடை அடிக்குமே, அதுவா?"
அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

எனக்குத் தெரியாதா அந்த வாடை.
ஒரு டிசம்பரில் இரண்டு ஷிப்ட் ஓட்டி
ஆறாத கழிவைக் கொதிக்கக் கொதிக்க விட்டார்கள்.
மூன்றாம் குளம் புளித்துச் செத்தது.
குமிழி நின்றது. மேலே தோல் கட்டியது.
அப்போது எழுந்த வாடை அதேதான்.
மூட்டை மூட்டையாய்ச் சுண்ணாம்பு கொட்டினேன் அதைக் கொல்ல.
அங்கே சாவு வாடை, இங்கே சோறு.
ஒரே அமிலம்தான். எங்கே, எவ்வளவு என்பதுதான் கணக்கு.

இன்னொன்றும் சொன்னார்.
வாயில், ஈறு இடுக்கில் குடியிருக்கும் ஒரு குமான்
சிலருடைய கட்டியில் இருப்பதைப் பார்த்திருக்கிறார்களாம்.
வாயில் இருக்கவேண்டியது
அவ்வளவு தூரம் என்ன வேலையாய்ப் போனது?
அதுதான் கட்டியைக் கொண்டுவந்ததா,
கட்டி வந்த இடத்தில் இது குடியேறியதா?
"இன்னும் தேடுகிறார்கள்," என்றார்.

பொய் சொல்லாத டாக்டர்.
குளம் செத்தபோது இன்ஸ்பெக்டரும் என்னை இதைத்தான் கேட்டார்:
தோல் முதலில் கட்டியதா, புளிப்பு முதலில் வந்ததா?
எனக்கும் தெரியவில்லை.
சிலாங்கூர் பக்கத்து ஆலையிலிருந்து
உயிருள்ள சேறு ஒரு லோரி வாங்கிக் கொட்டி,
ஆலையைப் பாதியாய்க் குறைத்து
நான்கு மாதம் காத்திருந்தோம்.
ஒரு விடியலில்
ஒரேயொரு குமிழி.

ஈப்போவில் அறுக்க நாள் குறித்திருக்கிறார்கள், பதினெட்டாம் தேதி.
அதற்கு முன் நானாகச் செய்தது ஒன்றுதான்.
கடைத்தெரு பல் டாக்டரிடம் போய்
ஆறு வருடமாய் ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப்
பிடுங்கிக்கொண்டேன்.
அதுதான் காரணமென்று யாரும் சொல்லவில்லை.
ஆனாலும்.

பஞ்சில் சுற்றிய பல் சட்டைப் பையில்.
சாயங்காலம் கரையில் நின்றேன்.
எறிய ஓங்கிய கையை இறக்கிக்கொண்டேன்.

வேண்டாம்.
உள்ளே எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள்.