பள்ளிப்பட்டு அணியின் பொருளாளர்

போன வருஷம் ஒன்பது ஆட்டம், எட்டில் தோல்வி.
கையிருப்பு பதினெட்டாயிரம்.
நகரி குருவராஜுவைக் கூப்பிடலாம் என்கிறார்கள்:
வயசு முப்பத்தெட்டு,
பந்து வீசும் தோளில்
புத்தூர்க் கட்டின் எண்ணெய் வாசம்,
ஆட்டத்துக்கு மூவாயிரம், பெட்ரோல் தனி.

"பையன்களுக்குச் சொல்லித் தருவாரே."
எங்கே தருவார்?
நாலு ஓவர் முடிந்ததும் பைக்கை எடுப்பார்.
அந்த நாலு ஓவரும் யுகந்தர்
எல்லைக்கோட்டில் தண்ணீர் பாட்டிலோடு நிற்பான்.
ஜெயிப்போம்தான், ஒன்றிரண்டு.
பிறகு?

ராத்திரி அவரே போன் செய்தார்.
தறிச் சத்தத்தில் பாதிதான் கேட்டது:
"ரெண்டு வேலு சாலு, அண்ணா."
நான் பேரமே பேசவில்லை.
குறைந்த அந்த ஆயிரத்தில்
தோள் வலிப்பது தெரிந்தது.

காலையில் இரண்டு டஜன் பந்து வாங்கினேன்.
யுகந்தரின் முதல் பந்தே வைடு.
கொசஸ்தலை மணலில்
இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.