புறங்கை

ஓத்தார் கொடுத்த ஜாடி
முன்பு ஊறுகாய் வைத்திருந்தது.
மூடியில் இன்னும் பூண்டு மணம்.
உள்ளே மெழுகுத் துணுக்கு மூன்று,
கிழியாத சிறகு ஒன்று,
மேலே விரல் தடிமனுக்கு நுரை.
"காய்ச்சவில்லை, வடிகட்டவில்லை" என்றான்,
"தேனீக்களை மட்டும் வெளியே போகச் சொன்னேன்.
ஒன்று கேட்கவில்லை.
அதற்குக் காசு வேண்டாம்."

என்ன பூ என்று கேட்டால்
மலையைக் காட்டுகிறான்.
லிண்டன், முள்பெர்ரி, வெள்ளைக் குளோவர்,
ரியோனி ஆற்றங்கரையில்
யாரும் பெயர் வைக்காத ஒரு நீலம்.
ஜூன் மழையில் கொட்டிப்போனவை
கணக்கில் சேராது.

அக்டோபரில் உறைந்தது.
அடியில் மணலாக, பிறகு மேல்வரை வெண்ணெயாக.
த்பிலிசியிலிருந்து வந்து வாங்கிப்போனவள்
போனில் கத்தினாளாம்: சர்க்கரை, கலப்படம்!
பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு
என்னிடம் வந்து கேட்கிறான்:
"குளிரில் எனக்கும்தான் விரல் விறைக்கிறது,
நானும் கலப்படமா?"

ஜாடியை வெந்நீரில் உட்காரவைப்பேன்.
என் கை தாங்கும் சூடு, அவ்வளவுதான்.
அவசரப்பட்டால்
மலை ஆவியாகிப் போய்விடும்,
வெறும் இனிப்பு மிஞ்சும்.

ஸ்வியாத் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறான்.
விடியற்காலையில் அவனுக்கு முன்னால்
அவன் இருமல் படியேறி வருகிறது.
கறுப்புத் தேநீர், கொஞ்சம் ஆறவிட்டு, ஒரு கரண்டி.
இருமல் போவதில்லை,
உட்கார்ந்துகொள்கிறது.
நாங்கள் தூங்க அது போதும்.

என் உதட்டு வெடிப்புக்கும் அதே ஜாடி.
பசுவின் காம்பு வெடித்தபோது
மெழுகோடு குழைத்துத் தடவினேன்.
கழுத்தை வளைத்து நக்கப் பார்த்தது.
சிரித்தேன் அப்போது.

டிசம்பரில், ரொட்டியை அடுப்புச் சுவரில் அறையும்போது
புறங்கை மண்ணைத் தொட்டது.
ஒரு கணம்தான்.
பல்லைக் கடித்துக்கொண்டு குழாயடியில் நெடுநேரம் நின்றேன்,
பிறகு தேன், பிறகு துணிக்கட்டு.
இரவில் கட்டு கசிந்தது.
மடியில் எலிசோ, பத்து மாதம்,
எதையும் வாயால் படிக்கிறவள்,
குனிந்தாள் என் புறங்கைக்கு.

வெடுக்கென்று இழுத்தேன்.
கோப்பை விழுந்து உடைந்தது.
அடித்துவிட்டதுபோல் அழுதாள்.
உலகத்திலேயே மிக நியாயமான ஆசை,
அதை நான் பிடுங்கினேன்.

மருத்துவமனை நர்ஸ் த்சியாலா
விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள்:
ஒரு வயது முடியும்வரை ஒரு துளியும் ஆகாது.
அதற்குள் தூங்கும் கிருமி
நம் வயிற்றில் தூக்கத்திலேயே போய்விடும்,
இவள் வயிற்றில் விழித்துக்கொள்ளலாம்.
பக்கத்து வீட்டு நோதார்
"நாங்களெல்லாம் நக்கித்தான் வளர்ந்தோம்" என்கிறான்.
வளராதவர்கள்
வந்து சொல்ல முடியாது, நோதார்.

புத்தாண்டுக்கு அக்ரோட்டைத் தேனில் கிளறிக்
கோசினாக்கி வெட்டினேன்.
வருகிறவர் வாயெல்லாம் அது.
அவளுக்கு மட்டும் வேகவைத்த ஆப்பிள்.
ஒவ்வொரு தாடையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரியில் பிறந்தநாள் வந்தது.
பிசகக்கூடாதென்று
இன்னொரு வாரம் தள்ளினேன்.
புண் ஆறிவிட்டிருந்தது.
தழும்பு பிறை வடிவம்,
நான் சுடும் ரொட்டியைப் போலவே.
அதன்மேல் ஒரு துளி வைத்து
அவள் முன்னே நீட்டினேன்.

உடனே குனியவில்லை.
என் முகத்தைப் பார்த்தாள்,
இழுப்பேனா என்று.
கையை அசைக்காமல் வைத்திருந்தேன்,
பசுவுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல.
பிறகு நாக்கு நுனி.

முகத்தைச் சுளித்தாள்.
ஒருமுறை உடம்பு சிலிர்த்தாள்.
திரும்பி, மேசைமேலிருந்த
உப்புப் பாலாடைக்கட்டிக்குக் கை நீட்டினாள்.

மிச்சத்தை நான் நக்கினேன்.
ஜாடியில் இன்னும் நாலு விரல் இருக்கிறது,
அந்தச் சிறகும்.